ரெண்டு வருசப் படிப்பு

மூக்குக் கடிக்குது. ரெண்டு கையிலயும் உறை, உறை முழுக்கக் கறுப்பு, தலையில கடையில தந்த பொலித்தீன் பை, இனித் தலைக்கு அடிச்ச டை ஊறி முடியுமட்டும் இந்த மூக்கை நான் சொறியேலாது. தோள்மூட்டில தேய்ச்சுப் பாத்தன், கடி மூக்கின்ரை மற்றப் பக்கத்துக்குப் போட்டுது. எப்பவும் இப்பிடித்தான், கை சும்மா இருக்கேக்க ஒரு இடமும் கடியாது, டை அடிச்சவுடனை உடம்பெல்லாம் கடிக்கும். பாத்ரூம் கதவைச் சாத்திப்போட்டுத் தொட்டி விளிம்பில குந்திக்கொண்டு இருக்கிறன். வெளியில போனால் சோபாவில கறுப்புப் பட்டிடும் எண்டு இவர் கத்துவார், கத்தமாட்டார், ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்குப் பிறகு இவருக்குப் பூகம்பம் வந்தாலும் தெரியாது, குறட்டை இஞ்ச வரைக்கும் கேக்குது, ஆனாலும் எழும்பினால் கத்துவார். போனை வோஷ்பேசின் ஓரத்தில சாத்தி வைச்சிருக்கிறன். ஆதிரை எந்த நேரமும் மெசேஜ் போடுவாள். என்ரை மகள்தான், எனக்காகத் தானே எல்லாம் நிரப்பிக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டு, இடமும் கிடைச்சு, இண்டைக்கு முடியிறதுக்குள்ள ஓம் எண்டு அமத்தவேணும், அமத்தாட்டி இடம் வேற ஆருக்கோ போயிடும். "அம்மா, வடிவா யோசியுங்கோ, நான் லைப்ரரியில இருப்பன், ஓம் எண்டு சொன்னால் நான் அமத்துறன்" எண்டுபோட்டுப் போனவள். யோசிக்க எனக்கு எங்கை நேரம். தலைக்கு டை அடிச்ச நேரம்தான் எனக்கு நேரம்.

சமூக சேவைப் படிப்பாம். ரெண்டு வருசம். முடிச்சால் கழுத்தில பேர் எழுதின அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு, இப்ப சும்மா செய்யிற வேலையைச் சம்பளத்துக்குச் செய்யலாம், அவ்வளவுதான் விசயம். இவர் கேட்ட முதல் கேள்வி, "இந்த வயசில படிச்சு என்ன, கவர்னராவே வரப்போறாய்?" நான் சொன்னன், "ஏன், நீங்கள் ட்ரக் ஓடி மந்திரியாயிட்டியளோ?" ஆள் கூடாதவர் இல்லை, நக்கல் அடிக்காட்டி இவருக்குச் சாப்பாடு செமிக்காது. காசுக் கணக்கை ஆதிரை பாத்திட்டாள், அரசாங்கம் பாதிக்கு மேல தரும், மிச்சத்துக்கு நான் சனி ஞாயிறு வேலையைப் பிடிச்சுக்கொண்டால் காணும், அதிலை பெரிய வில்லங்கம் இல்லை. வில்லங்கம் முடிச்ச பிறகுதான். நான் ரெண்டு மூண்டு பேரிட்டை விசாரிச்சனான். பேஸ்ட்ரி பாக்டறி லைனில நிண்டு பெட்டி அடைக்கிற எனக்கு இப்ப வாறதை விட ஒரு துளிதான் கூட வரும், அதுவும் முதல் முதல் தற்காலிக வேலைதான் கிடைக்குமாம், பேந்து ஆரும் பிள்ளைப்பெறுக்கு லீவில போனால் அந்த இடத்துக்கு எடுப்பினமாம். ஆரோ பிள்ளை பெறுமட்டும் நான் காத்துக்கொண்டு இருக்கவேணும். ஆனால் கதிரை. அதை நினைக்கத்தான் ஆசை வருது. இருந்து செய்யிற வேலை. குளிர் அறையில சப்பாத்துக்குள்ள ரெண்டு சோடி மேஸ் போட்டுக்கொண்டு நிண்டு நிண்டு என்ரை முழங்கால் வாகனம் மாதிரிச் சத்தம் போடுது. கதிரையில இருந்துகொண்டு முன்னுக்கு ஒரு மனிசர், நடுவில ஒரு மேசை, "சொல்லுங்கோ, என்ன பிரச்சினை?" எண்டு கேக்கிறன். முடிக்கேக்க ஐம்பதைத் தாண்டியிருப்பன். படிக்காட்டியும் ஐம்பதைத் தாண்டத்தான் போறன், அது ஆதிரை சொன்னது, என்ன கெட்டிக்காரி, வாய் மட்டும் என்னை மாதிரி. வகுப்பில இருபது வயசுப் பிள்ளையள் இருக்கும், என்னை ரீச்சர் எண்டு நினைச்சு எழும்பி நிண்டாலும் நிக்கும். உள்ளதைச் சொன்னால் இந்த டையே அதுக்குத்தான். போறேனோ இல்லையோ எண்டு முடிவெடுக்கேல்லை, அதுக்குள்ள வகுப்புக்குத் தலையைக் கறுப்பாக்கிக்கொண்டு இருக்கிறன். விசர்தான்.

காதுக்குப் பின்னால ஒரு துளி வழியுது. உறையால துடைச்சால் இன்னும் கறுப்பாகும். விடு, வழியட்டும். கல்லூரியில வைச்ச அறிமுகக் கூட்டத்துக்கு வந்த எலேன் எண்ட ரீச்சர் தலைக்கு ஒண்டும் பூசேல்லை, பஞ்சு மாதிரி வெள்ளைத் தலை, வடிவாத்தான் இருந்தது, அவவுக்கு என்ன, அவவுக்கு வேலை இருக்கு. நல்ல மனிசி. மெல்ல மெல்லக் கதைச்சவா, எனக்கு ஒரு சொல்லும் தப்பேல்லை. உதவி கேட்டு வாற ஆக்களோட எப்பிடிப் பழகவேணும் எண்டு ஒவ்வொண்டாச் சொல்லிக்கொண்டு வந்தா. சொந்தப் போன் நம்பர் குடுக்கக் கூடாது. அவையின்ரை வீட்டுக் கொண்டாட்டங்களுக்குப் போகக் கூடாது. அவை ஒண்டைத் தந்தால் வாங்கக் கூடாது. அவையின்ரை வீட்டில சாப்பிடக் கூடாது. நான் கையை உயர்த்தினன். ஏன் உயர்த்தினன் எண்டு இப்பவும் தெரியேல்லை. "தேத்தண்ணியும் குடிக்கக் கூடாதோ?" எண்டு கேட்டன். எல்லாரும் சிரிச்சிச்சினம், எலேனும் சிரிச்சா, கூடாத சிரிப்பு இல்லை. "தண்ணி குடிக்கலாம்" எண்டா. தண்ணி குடிக்கலாமாம். ஒரு தமிழ் வீட்டுக்குப் போய், அந்த மனிசி அடுப்பில கேத்திலை வைக்கேக்க, எனக்குத் தண்ணி காணும் எண்டு சொன்னால் அவ என்ன நினைப்பா. இவவுக்கு என்ரை வீட்டுத் தேத்தண்ணி ஆகாதாம், என்ன சாதியோ, என்ன திமிரோ எண்டு நினைப்பா, பேந்து தன்ரை பிரச்சினையை எனக்குச் சொல்லுவாவோ, செத்தாலும் சொல்லமாட்டா. இதை நான் எலேனுக்கு விளங்கப்படுத்திறதெண்டால் எங்கை துவங்கிறது, எங்கை முடிக்கிறது. நான் வாயை மூடிக்கொண்டு கொப்பியில தண்ணி எண்டு எழுதினன்.

எங்கடை கட்டடத்தில என்ரை போன் நம்பர் இல்லாத சனம் இல்லை. ஸ்காபரோவில உயரக் கட்டடம் எல்லாத்திலயும் தமிழ்ச் சனம்தான், எங்கடையில இன்னும் கொஞ்சம் கூட. கடிதம் வந்தால் நளா அக்கா, ஆஸ்பத்திரிக்குப் போறதெண்டால் நளா அக்கா, செத்த வீடெண்டால் சாம்பல் எடுக்கிறதுக்கு எந்தக் கந்தோருக்குப் போறது எண்டு கேக்கவும் நளா அக்கா. வாற சனம் வெறுங்கையோட வராது. ஒரு பாத்திரத்தில ஏதும் போட்டுக்கொண்டு வரும், அந்தப் பாத்திரத்தை நான் வெறுமையாத் திருப்பிக் குடுக்கக் கூடாது, ஒண்டும் இல்லாட்டி ஒரு கரண்டி சீனியாவது போட்டுக் குடுக்கவேணும், பேந்து அவை அந்தச் சீனிக்கு நன்றியா இன்னொண்டைக் கொண்டுவருவினம், இப்பிடியே இந்தக் கட்டடம் ஓடுது. இதிலை எதைப் பரிசெண்டு சொல்லுறது, எதைப் பாத்திரம் எண்டு சொல்லுறது. இதெல்லாம் என்னட்டை வருதெண்டால் காரணம் ஒண்டுதான். எனக்கு வாய் இறுக்கம். நளாயினிக்குச் சொன்னால் கிணத்துக்குள்ள போட்ட மாதிரி எண்டு சனம் சொல்லுது, எனக்குப் பெருமைதான், ஏன் பொய் சொல்லுவான். சதாசிவம் மாஸ்டரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனது ஞாபகம் வருது. மாஸ்டரின்ரை மகனுக்கு வேலை, லீவு குடுக்கேல்லை, என்னட்டை வந்து, "அக்கா, டொக்டர் என்ன சொன்னாலும் அப்பாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ, எனக்கு மட்டும் சொல்லுங்கோ" எண்டான். டொக்டர் கான்சர் எண்டார், பரவியிட்டுது எண்டார். நான் மாஸ்டருக்குத் திரும்பி, "வயித்தில புண்ணாம் மாஸ்டர், மருந்து தாறாராம், உறைப்பைக் குறைக்கட்டாம்" எண்டன். மாஸ்டர் தலையை ஆட்டினார். வெளியில வந்து பஸ்சுக்கு நிக்கேக்க, "நீ நல்லா மொழிபெயர்க்கிறாய் பிள்ளை" எண்டார். பேந்துதான் எனக்கு உறைச்சது, அந்த மனிசன் ஊரில இங்கிலிசில கணக்குப் படிப்பிச்சவர். டொக்டர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அவருக்கு விளங்கியிருக்கும். எனக்காகப் பேசாமல் இருந்தவர். மகனுக்காகவும். ரெண்டு பேரும் பஸ்சில ஊரில மாம்பழம் எப்பிடி இருக்கும் எண்டு கதைச்சுக்கொண்டு வந்தம். இதை எலேனுக்குச் சொன்னால் முதல் நாளே என்னைக் கலைச்சு விடுவா. அவையின்ரை படிப்பில எல்லாத்தையும் சொல்லவேணும். எனக்குத் தெரிஞ்ச படிப்பு ஒண்டையும் சொல்லாமல் பக்கத்தில இருக்கிறது.

இந்த டை மணத்தில தலையிடிக்குது. ஃபானைப் போட்டால் மணம் போயிடும். போடமாட்டன். ஃபான் சத்தத்தில கீழ் வீட்டுச் சத்தம் கேக்காது. மேல சுவரில கம்பி வலை போட்ட ஓட்டை ஒண்டு இருக்கு, காத்துப் போறதுக்கு, அதுக்குள்ளால கீழ் வீட்டுப் பாத்ரூமில ஆரும் தும்மினால் கூட எனக்குக் கேக்கும். இப்ப தண்ணி விழுகுது. வாளியில விழுகிற சத்தம், ஷவரில்லை. பிரசாந்தி பிள்ளையைக் குளிப்பாட்டுறாள். பிள்ளை ஏதோ பள்ளிக்கூடப் பாட்டுப் பாடுது, சரி, பிள்ளை பாடினால் நல்லது, பாடினால் அவளின்ரை மனிசன் வீட்டில இல்லை எண்டு அர்த்தம். பிரசாந்தி கலியாணம் கட்டி இஞ்ச வந்து அஞ்சாறு வருசம், முப்பது வயசு இருக்குமோ, மெல்லிசு, பிள்ளைக்கு நாலு வயசு, அக்சரா எண்டு பேர். முதல் தரம் பிரசாந்தி என்ரை வீட்டுக்கு வந்தது கொடியில காய்ச்ச பாகற்காய் கொண்டு, பல்கனியில வளர்த்ததாம். கையில நீலம். "படியில தவறி விழுந்திட்டன் அக்கா" எண்டாள். இந்தக் கட்டடத்தில லிஃப்ட் பழுதானால் கூட நாங்கள் கீழ நிண்டு மனேச்சரைத் திட்டுறதே ஒழியப் படியால ஏறுறேல்லை. நான் ஒண்டும் கேக்கேல்லை. தேத்தண்ணி போட்டன். பிள்ளை மேசைக்குக் கீழ போய் இருந்துகொண்டுது, கதிரையில இரு குஞ்சு எண்டாலும் வராது, மேசைக்குக் கீழதான். அதுக்குப் பிறகு எத்தினையோ தரம் வந்திட்டாள். கன்னத்தில ஒருக்கால், கழுத்தடியில ஒருக்கால். "அவருக்குக் கோவம் கொஞ்சம் கூட அக்கா, மற்றப்படி நல்லவர்" எண்டு ஒருக்கால் சொன்னாள், அவ்வளவுதான் சொன்னது, மிச்சத்தை நான் இந்த ஓட்டைக்குள்ளால கேட்டுக்கொண்டன். இவருக்குக் கூட நான் சொல்லேல்லை. ஆதிரைக்கும் சொல்லேல்லை. கிணறு எண்டால் கிணறுதானே.

அண்டைக்குக் கூட்டத்தில எலேன் சொன்னதில எனக்கு இதுதான் முள்ளாக் குத்திக்கொண்டு நிக்குது. பிள்ளையள் இருக்கிற வீட்டில அடிதடி நடக்குதெண்டு சந்தேகம் வந்தாலே காணும், பிள்ளைகள் பாதுகாப்புக் கந்தோருக்கு அறிவிச்சே ஆகவேணுமாம். சட்டம் எல்லாருக்கும் பொதுதான், ஆனால் இந்த வேலைக்கு வாற ஆக்கள் தெரிஞ்சும் சொல்லாமல் விட்டால் தண்டமாம், வேலையும் போகலாமாம். எல்லாருக்கும் பொது எண்டால் ஒருத்தருக்கும் இல்லை எண்டுதான் சனம் எடுக்கும், நானும் அப்பிடித்தான் எடுத்தன். ஆனால் அட்டை கழுத்தில விழுந்தால் தப்பேலாது. அண்டைக்கு வீட்டுக்கு வந்து, ஆதிரை பல்லுத் தீட்டிக்கொண்டு நிக்கேக்க இந்தப் பாத்ரூம் வாசலில நிண்டுதான் அவளுக்குச் சொன்னன், "உது சரிவராதடி, படிச்சு முடிச்சால் ஆரும் பிள்ளைகுட்டிக்காரி வந்து என்னட்டை அழுதால் நான் கட்டாயம் போய்ச் சொல்லவேணுமாம், பேந்து ஆர் என்னட்டை வருவினம்?" அவள் வாய் நிறைய நுரையோட, "சொல்லத்தானே வேணும் அம்மா" எண்டாள். இஞ்ச பிறந்த பிள்ளையளுக்கு எல்லாம் நேர்கோடு. காட்டிக்குடுத்தவள் எண்டு ஒரு பேர் வந்தால் என்ன நடக்கும் எண்டு அவளுக்கு எங்கை தெரியும். கோயிலில பக்கத்தில இருக்கமாட்டினம். கதவைத் தட்டினால் உள்ளுக்கு ரீவியை நிப்பாட்டிப்போட்டு ஆளில்லாத மாதிரி இருப்பினம். நானே அப்பிடி இருந்திருக்கிறன், எனக்குத் தெரியாதோ. அப்ப இந்தப் படிப்பின்ரை விலை அதுதான், காசில்லை, முழங்காலில்லை, பஸ்சில போய் வாறதில்லை. பிரசாந்தி பாகற்காய் கொண்டு வரமாட்டாள். என்னட்டையும் வராட்டி அவள் ஆரிட்டைப் போவாள். ஒரு மேசையும் தேத்தண்ணியும் அவளுக்கு இருக்கு, அது இந்த வீட்டில இருக்கு, அதையும் நான் படிச்சுக் கெடுக்கிறதோ. இப்பிடி நினைக்கேக்க எனக்கு நெஞ்சுக்குள்ள ஒரு ஆறுதல் வருது, அந்த ஆறுதல்தான் எனக்குப் பிடிக்கேல்லை. ஏனெண்டால் பயந்தவளுக்கும் இதே ஆறுதல்தான் வரும். நான் பிரசாந்திக்காகப் பேசாமல் இருக்கிறேனோ, எனக்காகவோ. போன கிழமை ஓட்டைக்குள்ளால சத்தம் வரேக்க நான் என்ன செய்தன், இதிலை இதே மாதிரிக் குந்திக்கொண்டு, நிக்கட்டும் நிக்கட்டும் எண்டு சொல்லிக்கொண்டு இருந்தன், நிண்டுது, பிறகு போய்ச் சோறு வடிச்சன். மாஸ்டருக்குப் பக்கத்தில பேசாமல் இருந்தது சரி. அவருக்கு ஒருத்தரும் அடிக்கேல்லை.

ஆதிரையின்ரை மெசேஜ். என்னம்மா முடிவு எண்டு கேட்டு, கீழ ஒரு சிரிப்பு முகம். கையில உறை, பதில் போடேலாது. நல்லது. உறை ஒரு சாட்டு. வேண்டாம் எண்டு சொல்லுவம். அடுத்த வருசம் பாப்பம் எண்டு சொல்லுவம், அது வேண்டாம் எண்டதை விட நல்ல சொல், ஆருக்கும் நோகாது. பாக்டறியும் கூடாத இடமில்லை, லைனில என்னோட நிக்கிற சனம் நல்ல சனம், முழங்காலுக்கு எண்ணெய் இருக்கு, இந்தத் தலைக்குப் பூசின டை வீணாகப் போகாது, வாற மாசம் ஒரு கலியாண வீடு இருக்கு. சரி, முடிஞ்சுது. வேண்டாம். நெஞ்சு லேசாப் போட்டுது. கீழ தண்ணிச் சத்தமும் நிண்டிட்டுது, பிள்ளையைத் துடைச்சு வெளியில விட்டிட்டாள் போல, பாட்டு தூரத்தில கேக்குது. போன் அடிக்குது. பிரசாந்தி. முழங்கையால அமத்திப் பாத்தன், அமத்துப்படேல்லை, மூக்கால அமத்தினன், ஸ்பீக்கரில வந்திட்டாள். மூக்குக் கடியும் அதோட போட்டுது.

"அக்கா" எண்டாள். மெல்லமாத்தான் சொன்னாள், ஆனால் எனக்கு ரெண்டு தரம் கேட்டது, போனுக்குள்ளால ஒருக்கால், சுவருக்குள்ளால ஒருக்கால். அவளும் பாத்ரூமுக்குள்ள நிண்டுதான் கதைக்கிறாள்.

"சொல்லு பிரசாந்தி."

"நீங்கள் அந்தப் படிப்புக்குப் போறியளோ அக்கா?"

இந்தப் படிப்பைப் பற்றி நான் கட்டடத்தில ஒருத்தருக்கும் சொல்லேல்லை. "உனக்கு ஆர் சொன்னது?"

"குறை நினைக்காதேங்கோ. அண்டைக்கு நீங்கள் ஆதிரையோட கதைச்சது இஞ்ச கேட்டது. இதுக்குள்ளால எல்லாம் கேக்கும் தானே."

கேக்கும் தானே எண்டாள். அப்ப எனக்குக் கேக்கிறதும் அவளுக்குத் தெரியும். இத்தினை காலமும் தெரியும். அடி விழேக்க மேல நான் இருக்கிறன் எண்டு தெரிஞ்சுகொண்டுதான் இருந்திருக்கிறாள், நான் தொட்டியைக் கழுவுறது, நான் இருமுறது, எல்லாம் கேட்டுக்கொண்டு. எனக்கு முகத்தை எங்கை வைக்கிறதெண்டு தெரியேல்லை, பாத்ரூமில ஆரும் இல்லை, ஆனாலும் தெரியேல்லை. அவள் பயந்து போய்த்தான் கேக்கிறாள் எண்டு நினைச்சன். "நீ ஒண்டுக்கும் பயப்பிடாதை. நான் உன்ரை விசயத்தை ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். படிக்கவும் போகேல்லை, இப்பதான் முடிவெடுத்தனான்" எண்டன்.

கீழ வாளியை நகத்தின சத்தம் கேட்டது.

"போங்கோ அக்கா" எண்டாள். "தயவு செய்து போங்கோ."

"ஏன் பிள்ளை?"

"நானாப் போய்ச் சொன்னால் நான் கட்டினவனைப் பொலிசில குடுத்தவள். அம்மாவே என்னை வீட்டுக்குள்ள எடுக்கமாட்டா, தங்கச்சிக்குக் கலியாணம் பேசிக்கொண்டு இருக்கினம், அதுவும் குழம்பியிடும். நீங்கள் படிச்சுப் போட்டு அந்த வேலையில இருந்தால் உங்களுக்குச் சட்டம் தானே. நான் வந்து சும்மா கதைக்கிற மாதிரிக் கதைப்பன். நீங்கள் சொல்லத்தான் வேணும், உங்களுக்கு வேற வழியில்லை. அப்ப அது என்ரை வாயால வந்ததில்லை தானே அக்கா?"

அவள் இதை எத்தினை நாளாச் சொல்லிப் பழகினாளோ, தடக்காமல் வந்தது.

"எவ்வளவு காலம் அக்கா அந்தப் படிப்பு?"

"ரெண்டு வருசம்" எண்டன்.

"ரெண்டு வருசம்." கீழ பைப்பைத் திறந்து பூட்டினாள். "அக்சரா அப்ப முதலாம் வகுப்பில இருப்பாள். சரி அக்கா. அது கெதியாப் போயிடும்."

ரெண்டு வருசத்தை நான் எப்பிடியெல்லாம் கணக்குப் பாத்தன். என்ரை முழங்காலுக்கு, என்ரை வயசுக்கு, என்ரை பேருக்கு, ஆரோ பிள்ளை பெறுமட்டும் நான் காத்துக்கொண்டு இருக்கிறதுக்கு. இவள் அதைத் தன்ரை கன்னத்தில எண்ணியிருக்கிறாள், எண்ணிப்போட்டுச் சரி எண்டும் சொல்லுறாள், இன்னும் ரெண்டு வருசம் அடிவாங்கிறதுக்கு ஆயத்தம், ஒருத்தி படிச்சு வந்து தனக்காகச் சொல்லுவாள் எண்டால். எனக்கு அழுகை வந்தது. அழுதால் கண்ணுக்குள்ள டை போயிடும் எண்டு பயத்தில தலையை நிமித்திக்கொண்டு அழுதன். வெக்கமா இருந்தது. நான் கிணறு எண்டு பெருமைப்பட்டுக்கொண்டு இருக்க, அவள் கிணத்துக்குள்ள நிண்டு கயிறு வருமோ எண்டு பாத்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

"பிரசாந்தி, அவர் எப்ப வருவார்?"

"வேலைக்குப் போட்டார். இருட்டினாப் பிறகுதான் வருவார்."

"பிள்ளைக்குச் சட்டையைப் போட்டுக் கூட்டிக்கொண்டு மேல வா. உன்ரை பாஸ்போட், பிள்ளையின்ரை கடுதாசியள், மருந்தேதும் இருந்தால் அதுவும். ரெண்டு வருசம் ஒருத்தரும் பாத்துக்கொண்டு இருக்கத் தேவையில்லை. நான் இப்பவே கந்தோருக்குப் போன் எடுத்துச் சொல்லப்போறன்."

"இண்டைக்கோ அக்கா?" எண்டாள், சின்னப் பிள்ளை மாதிரி. "அவர் ஆர் சொன்னது எண்டு கேப்பாரே."

"நீ சொல்லேல்லை. உன்னட்டை நான் கேக்கவும் இல்லை. ஆர் கேட்டாலும் மேல் வீட்டு நளாயினிக்கு வாய் நீளம், அவள் சும்மா இருக்கமாட்டாமல் போய்ச் சொல்லிப்போட்டாள் எண்டு சொல்லு. உன்ரை அம்மாவுக்கும் அப்பிடியே சொல்லு. என்னை என்ன திட்டுத் திட்டவேணுமோ திட்டு, அம்மாவுக்கு முன்னால நல்லாத் திட்டு. விளங்குதோ?"

கீழ கதவு திறந்த சத்தம் கேட்டது. "அக்சரா, சட்டை போடுவம் வா" எண்டு சொல்லிக்கொண்டு போறாள்.

உறையைக் கழட்டி எறிஞ்சன். ஆதிரைக்கு அமத்து எண்டு ஒரு சொல் அனுப்பினன். இனி இந்தக் கட்டடத்தில ஒரு சனமும் எனக்குக் கதவு திறக்காது, படிக்கிறதுக்கு நேரம் நிறையக் கிடைக்கும். தலையில பையோடயே வெளியில வந்து அந்தக் கந்தோர் நம்பரைத் தேடி எடுத்தன், ஞாயிற்றுக்கிழமையும் எடுப்பினமாம். குறட்டை நிண்டிட்டுது. இவர் சோபாவில எழும்பி இருந்து என்னைப் பாத்தார், கன்னத்தால கறுப்பு வழிய நான் போனைக் காதில வைச்சுக்கொண்டு நிக்கிறதைப் பாத்து, "என்னப்பா, ஆருக்கு என்ன?" எண்டார். கீழ் வீட்டு விசயம் எண்டன். "அயலட்டைப் பிரச்சினை எங்களுக்கேன்?" எண்டு துவங்கினார், என்ரை முகத்தைப் பாத்திட்டு நிப்பாட்டி, எழும்பிப் போய்க் குசினியில கேத்திலை வைச்சார். கந்தோரில ஒரு இளம்பிள்ளைதான் போனை எடுத்தாள். நான் மெல்ல மெல்ல எல்லாத்தையும் சொன்னன், ஓட்டைக்குள்ளால கேட்டது, நீலம், மேசைக்குக் கீழ இருக்கிற பிள்ளை, ஒண்டையும் விடேல்லை. நீங்கள் இந்த வேலையில இருக்கிற ஆளோ எண்டு கேட்டாள். இல்லை, மேல் வீட்டுக்காரி எண்டன். அப்பிடியெண்டால் விருப்பமில்லாட்டிப் பேர் சொல்லாமலும் விடலாம் எண்டாள். வாசலில பிரசாந்தி பிள்ளையின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாள். நான் என்ரை முழுப் பேரையும் சொல்லி, வீட்டு நம்பரையும் சொல்லி, கந்தோர்க்காரி பிழையா எழுதிப்போடுவாள் எண்டு பேரை எழுத்துக் கூட்டி இன்னொருக்காலும் சொன்னன்.